குடிக்காதவன் குடியை விட்ட கதை

என் நாக்கில் இதுவரை ஒரு சொட்டு மது பட்டதில்லை. பாறசாலை வட்டாரத்தில் இதை இன்று நம்புகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மனைவி கோமதி. இன்னொருவர் என்னைக் குடிகாரனாக்கிய சகோதரி ரோஸ்பாய். என் உடன்பிறந்த தம்பியே நம்புவதில்லை. அண்ணன் இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் எப்படிச் சமாளித்தார் என்று எல்லோரிடமும் வியக்கிறான். (அதுவும் பாராட்டுகிற தொனியில். வயிறு எரியாதா?)

நான் கலால் துறையில், எங்கள் ஊர்ப் பேச்சில் எக்சைஸில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எக்சைஸ் என்றதும் ஜீப்பிலிருந்து குதித்துச் சாராய ஊறலைக் கவிழ்க்கும் வீரரைக் கற்பனை செய்ய வேண்டாம். நான் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தவன். நான் பிடித்ததெல்லாம் மற்றவர்கள் எழுதிய குறிப்புகளில் இருந்த பிழைகளைத்தான். எந்த மனு எந்த மேஜை வழியாகப் போக வேண்டும், எந்த விழாவில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், யார் பேசி முடித்த பிறகு யார் எழ வேண்டும், எல்லா நடைமுறையும் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு இந்த ஞானத்தைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். குழம்பு தாளிக்கிற வரிசையில் தலையிட வேண்டாம் என்று கோமதி தடை உத்தரவு போட்டுவிட்டாள்.

அப்படி நான் வீணாகிக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில்தான் ரோஸ்பாய் தனுவச்சபுரத்தில் எங்கள் வீட்டுப் படியேறினார். ஒரு கிறிஸ்தவச் சீர்திருத்த சபையின் மதுவிலக்கு ஊழியத்தைக் கேரள-தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களில் நடத்துகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை, பைக்குள் வேதப்புத்தகமும் ஒரு கஞ்சிராவும். அவருடைய வேலைமுறையைக் கேள்விப்பட்டிருந்தேன். கள்ளுக்கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். தள்ளாடிக்கொண்டு வெளியே வருகிறவனை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார். வழியில் பிரசங்கம் கிடையாது. ஓடையில் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். ஒருவன் அவருடைய கஞ்சிராவைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டான். மறுநாள் அவனைத்தான் முதலில் வீட்டில் சேர்த்தார். கொஞ்ச நாள் கழித்து அவனே புதுக் கஞ்சிரா ஒன்று வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று அழுதிருக்கிறான்.

எங்கள் துறை பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மனிதனை விட்டுவிடும். இந்தப் பெண்மணி மனிதனைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை விட்டுவிடுகிறார். இதை நான் அவரிடம் சொன்னபோது, அந்த அளவுக்கு யோசிச்சதில்லை சாரே என்று சிரித்துவிட்டார்.

பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் மதுவிலக்குக் கூட்டங்கள் நடத்துவதாகவும், கடைசி நாள் மாலை நான் வந்து கள்ளச்சாராயம் பற்றிய சட்டத்தை மக்களுக்கு விளக்க வேண்டும் என்றும் கேட்டார். நான் சைவக் குடும்பத்துக்காரன், சபைக் கூட்டத்தில் பேசலாமா என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். சாராயம் குடிக்கிறவன் வயிற்றுக்குள் போன பிறகு ஜாதி மதம் பார்க்கிறதில்லை என்றார். ஒப்புக்கொண்டேன். இரவும் பகலும் உரை தயாரித்தேன். சட்டப் பிரிவுகளை வரிசையாக மனப்பாடம் செய்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை எங்கே வைப்பது என்று ஒத்திகை பார்த்தேன். (கேட்டவர்கள் குடிக்க ஆரம்பித்திருப்பார்கள் என்று கோமதி பிற்பாடு சொன்னாள்.)

அன்று மாலை பந்தலுக்குள் நுழைந்தபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது. ரோஸ்பாய் மேடையில் கண்களை மூடிக் கஞ்சிரா அடித்துக்கொண்டிருந்தார். மேடை நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலியில்லை. வார்டு மெம்பர் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார் போலிருந்தது. சிறப்பு விருந்தினர் உட்கார இடம் தேடி அலைவது நடைமுறைக்கு விரோதம். என் முழங்காலுக்கும் அது விரோதம். சுற்றிப் பார்த்தேன். மேடைக்குக் கீழே, கூட்டத்துக்கு முன்னால், தனியாக ஒரு நீளப் பெஞ்சு. சுத்தமான வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எத்தனையோ அரசு விழாக்களில் நானே இருக்கை ஏற்பாடு செய்தவன். முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்த காலி இருக்கை யாருக்கு என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிமிர்ந்து நடந்து போய் நட்ட நடுவில் உட்கார்ந்தேன்.

பாட்டு ஒரு கணம் நின்றது. பிறகு பந்தலே அதிர்கிற மாதிரி எழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். பேசுவதற்கு முன்பே இத்தனை வரவேற்பா என்று எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. பெஞ்சில் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை. அதனால் முன்னால் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். வேர்வை கண்ணில் இறங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துண்டால் கண்களைத் துடைத்தேன். கைதட்டல் இன்னும் கூடியது. ஓர் இளைஞர் வந்து என் தலைமேல் கை வைத்து உருக்கமாக ஏதோ சொன்னார். நாங்கள் பொன்னாடை போர்த்துவோம், இவர்கள் தலையில் கை வைப்பார்கள் போலிருக்கிறது, ஒவ்வொரு துறைக்கும் ஒரு நடைமுறை என்று நினைத்துக்கொண்டு அவருக்குக் கும்பிடு போட்டேன்.

அப்போது ஒலிபெருக்கி வீலென்று ஊளையிட்டது. மைக் செட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சில் சாராய நெடி வீசியது.

"சாரும் இதுக்குத்தான் வந்தியளா?" என்றார் மெல்ல. "நம்ப முடியல்ல கேட்டியளா."

எதற்கு என்றேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "குடிய விடுகவங்க வந்து இருக்கிய பெஞ்சாக்கும் இது. சாரு இப்பவும் கொஞ்சம் போதையில உண்டா?"

என் வாழ்நாளில் ஒரு நடைமுறை எனக்குத் தெரியாமல் போனது அன்று ஒரு முறைதான். அதுவும் நானூறு பேர் பார்த்திருக்க. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அந்த ஒரு பெஞ்சைத் தவிர. குடியை நிறுத்த முடிவு செய்தவன்தான் எழுந்து வந்து எல்லோருக்கும் முன்னால் அதில் உட்கார வேண்டும். கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து அது காலியாகவே கிடந்திருக்கிறது. எவனும் முதல் ஆளாக வரத் துணியவில்லை. துணிந்தவன் நான். அதுவும் எக்சைஸ்காரன். ஊர் என்ன நினைக்கும் என்று சொல்ல வேண்டுமா? இத்தனை வருஷம் பிடித்த சரக்கெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு அவர்களுக்கு ஒரே நாளில் விடை கிடைத்துவிட்டது.

எழுந்து மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பெஞ்சில் கை ஊன்றினேன். மைக் செட்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போவப்பிடாது சாரே. நிங்க இருந்ததக் கண்டுதான் நான் வந்தேன். நிங்க எழும்பினா நானும் எழும்பிருவேன்."

அவர் பார்வை பந்தலின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு பெண் மகளின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காலடியில் ஒரு துணிப் பெட்டி. அது அவர் மனைவி ஸ்டெல்லா. அன்றைக்கும் அந்த மனிதர் பெஞ்சுக்கு வராவிட்டால், கூட்டம் முடிந்ததும் மகளோடு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவோடு வந்திருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பெஞ்சைப் பார்த்த பார்வையைப் பார்த்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஊன்றிய கையை எடுத்தேன். உட்கார்ந்தேன்.

ரோஸ்பாய் மேடையிலிருந்து இறங்கி வந்து எங்கள் முன்னால் முழங்காலிட்டு உறுதிமொழி சொல்லிக் கொடுத்தார். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று தங்கராஜ், அதுதான் அவர் பெயர், தேம்பித் தேம்பிச் சொன்னார். நானும் சொன்னேன். வேறென்ன செய்ய? என் உரை நடக்கவே இல்லை. வார்டு மெம்பர் நன்றி கூறும்போது, இந்த வயதில் இத்தனை பேர் முன்னால் தன் குறையை ஒப்புக்கொண்ட எக்சைஸ் சாரின் துணிச்சலை நாம் எல்லோரும் பாராட்ட வேண்டும் என்றார். பாராட்டினார்கள்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முந்திய பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. கோமதி வாசலிலேயே நின்றாள்.

"குடிய விட்டாச்சாமே," என்றாள். "எப்பப் பிடிச்சிய?"

மறுநாள் காலை ரோஸ்பாயைத் தேடிப் போனேன். தவறுதலாக நடந்த பதிவைத் திருத்துவதற்கு எல்லா இடத்திலும் ஒரு வழி இருக்கும், உங்கள் சபையில் என்ன வழி என்று கேட்டேன். அவர் பால் விடாத கட்டன் சாயா ஒரு டம்ளர் என் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும் சாரே. குடிக்கியவன் அந்தப் பெஞ்சுக்கு நிமிர்ந்து நடந்து வரமாட்டான். சாரு சம்பளம் வாங்கப் போற மாதிரியில்லா வந்திய."

தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். பாட்டு முடிந்ததும் என்னை எழுப்ப வாயெடுத்தபோதுதான் தங்கராஜ் மைக் செட்டை விட்டு இறங்கியதைப் பார்த்தாராம். அதற்கு மேல் வாய் வரவில்லையாம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது குடிகாரனுக்கு மட்டும் உள்ள பெஞ்சுன்னு ஊரு சொல்லுது. நான் சொல்லல்ல. விட வேண்டிய ஒண்ணு கையில உள்ளவனுக்கு உள்ளதாக்கும். சாருக்கு விட ஒண்ணுமே இல்லியா?"

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் வந்து கோமதியிடம் கேட்டேன். முதலில் உட்காருங்க என்றாள். (சாப்பாட்டு நேரம் வரைக்கும் சொன்னாள்.)

அன்று மாலையே தங்கராஜ் எங்கள் வாசலில் வந்து நின்றார். ரோஸ்பாயின் ஏற்பாட்டில், ஒரே நாளில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணை. குடிக்கத் தோன்றுகிற பொழுது பார்த்துத் தினமும் சந்திக்க வேண்டும். சந்தித்ததும் ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் வாயை ஊதிக் காட்ட வேண்டும். பாதுகாப்பும் தணிக்கையும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். எங்கள் துறையில் கருவி, சாட்சி, கையொப்பம் என்று எத்தனை சடங்குகள் இதற்கு. இந்த எளிய முறையைக் கண்டு நான் மனதுக்குள் தொப்பியைக் கழற்றினேன். அப்புறம் வாயைத் திறந்து ஊதினேன்.

தங்கராஜ் என்னைக் காப்பாற்றுவதென்று முழு மூச்சாக இறங்கிவிட்டார். வயதான காரணத்தால் என் கை லேசாக நடுங்கும். "முதல்ல அப்படித்தான் நடுங்கும் சாரே, பேடிக்காண்டாம்" என்று தைரியம் சொன்னார். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். எனக்கு எந்த வயதிலும் தூக்கம் வந்ததில்லை. அதுவும் குடிகாரர் கணக்கில் சேர்ந்தது. பாறசாலைக் கடைத்தெருவுக்கு நான் தனியாகப் போவதை அவர் விரும்பவில்லை. காய்கறி வாங்கப் போனால், அந்தத் தெருவில் எங்காவது பந்தல் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே வருவார். ஒரு பக்கம் எரிச்சலாக இருந்தது. இன்னொரு பக்கம், மாதங்கள் செல்லச் செல்ல, அந்த மனிதரின் முகத்தில் சதை பிடிப்பதையும், சட்டைக்கு இஸ்திரி வந்து சேர்வதையும், ஸ்டெல்லா ஒரு நாள் மகளோடு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதையும் பார்த்தேன். ஊதுவதைத் தொடர்ந்தேன்.

இந்த நேரம் பார்த்து என் முழங்கால் வலி முற்றியது. கோமதியின் அண்ணன் ஒரு வைத்தியர். அவர் அரிஷ்டம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அரிஷ்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: மூலிகைக் கஷாயத்தை வெல்லம் போட்டுப் புளிக்க வைத்த மருந்து. புளித்த எதிலும் என்ன பிறக்கும் என்பது எக்சைஸ்காரனுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். மருந்து என்ற வகையில் அதற்குரிய விலக்குப் பிரிவும் தெரியும். ஆகவே நிம்மதியாகக் குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன்.

அன்று தங்கராஜ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். நான் ஊதினேன்.

அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். இன்னொரு முறை ஊதச் சொன்னார். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதே நேரத்தில், மருந்துதான் என்று தான் ஸ்டெல்லாவிடம் வருஷக்கணக்கில் சொன்ன கதையைத் தங்கராஜ் என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பது நினைவுக்கு வந்தது. உலகத்தில் எந்தக் குடிகாரனும் முதலில் சொல்வது அதைத்தான். என்னிடம் இருந்த ஒரே உண்மையும் செல்லாக்காசாகிவிட்டது.

"சாரு இவ்வளவு படிச்ச ஆளு," என்றார் கடைசியில். "உங்களுக்கே முடியல்லன்னா எனக்கு எப்படி முடியும்?"

எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். பாறசாலைப் பக்கமாக. அந்த வேகத்துக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

அதற்குப் பிறகு நான் செய்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. அரிஷ்டப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, இடுப்பில் வேட்டியோடு, தோளில் சட்டைகூட இல்லாமல், வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். அது கல்லூரி விடுகிற நேரம். பஸ் நிறுத்தம் முழுக்கப் பிள்ளைகள். அவர்களைத் தாண்டி என்னால் ஓட முடியவில்லை. அங்கேயே நின்று, தங்கராஜ், இங்கே பார் என்று உரக்கக் கூப்பிட்டேன். அவர் திரும்பினார். பிள்ளைகளும் திரும்பினார்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அருமையான அரிஷ்டம் முழுவதையும் ஓடையில் ஊற்றினேன்.

"எனக்குச் சறுக்கிப் போச்சு தங்கராஜ்," என்றேன். "இனி தொட மாட்டேன். நீ இல்லாம என்னால முடியாது. வீட்டுக்குக் கொண்டு விடு."

கடைசி இரண்டு வாக்கியங்களில் பொய் இல்லை. கால் அப்படி வலித்தது.

தங்கராஜ் அங்கேயே நின்றார். பாறசாலைக்குப் போகிற பஸ் வந்து, அவருக்காகக் கொஞ்சம் தாமதித்து, கிளம்பிப் போயிற்று. அவர் திரும்பி வந்து என் அக்குளில் கை கொடுத்தார். வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் கோமதியைக் கண்டதும், "அம்மா, கோவப்படப்பிடாது. எல்லாருக்கும் ஒருக்கா சறுக்கும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கோமதி தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள். அங்கே அவள் அழுததாகத் தங்கராஜ் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஓடையோரக் காட்சியைக் கல்லூரிப் பிள்ளைகள் செல்பேசியில் படமெடுத்திருந்தார்கள். அது எங்கள் குடும்ப வாட்சப் குழுவுக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. தம்பி அதற்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டான். வைத்தியர் மட்டும் பாட்டிலை அடையாளம் கண்டுகொண்டார். குடியை விட்டவனுக்கு அரிஷ்டம் ஆகாது என்று, அதிலிருந்து எனக்கு மருந்து கொடுப்பதில்லை. முழங்கால் இன்றைக்கும் அதே நிலையில் இருக்கிறது.

வருஷம் ஒன்று போன பிறகு, இனி ஆபத்தில்லை என்று ரோஸ்பாய் சொன்னதும், தங்கராஜிடம் முழு உண்மையையும் சொன்னேன். நான் குடித்ததே இல்லை, பெஞ்சு தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன், அது அரிஷ்டம். அவர் பொறுமையாகக் கேட்டார். என் தோளில் தட்டினார். "ஒரு வருஷம் ஆனா எல்லாருக்கும் இப்படித்தான் தோணும் சாரே. நாம எங்க குடிச்சோம்னு. இதாக்கும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய சமயம்" என்றார். மறுநாளிலிருந்து காலையிலும் வர ஆரம்பித்தார்.

நான் வாதத்தை விட்டுவிட்டேன். ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்த அவனுக்கு இன்னொரு மனிதனைத் தூக்குகிற வேலை கொடுத்துவிட வேண்டும் என்று ரோஸ்பாய் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். தூக்கப்படுகிறவன் விழுந்தவனா என்பது அந்த முறையில் பெரிய விஷயமில்லை. இத்தனை வருஷம் கோப்பு பார்த்த எனக்கு இப்படி ஓர் ஏற்பாடு தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் அனுமதி கொடுத்திருக்க மாட்டேன்.

சில மாதங்களுக்கு முன் ரோஸ்பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். திருப்புறத்தில் கூட்டம், பெஞ்சு காலியாகக் கிடக்கிறது, வெளியே இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டே இருக்கிறார்கள், முதலில் உட்கார ஆளில்லை என்றார். பொய் சொல்லி உட்கார வேண்டாம், உண்மையாகவே விட ஏதாவது இருந்தால் வாருங்கள் என்றார். கோபத்தை விடுகிறேன் என்று போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபோது என் நெஞ்சுக்குள் நடந்தது என்ன என்று எழுத எனக்கு வராது. அலுவலகத் தமிழில் அதற்கு வார்த்தையில்லை.

இப்போது கூட்டம் எங்கே நடந்தாலும் எனக்கு அழைப்பு வருகிறது. என்னைத் தனியாக விட முடியாது என்று தங்கராஜும் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறார். நாங்கள் கிளம்பும்போது கோமதி வாசலில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்பாள். எங்கள் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர் எல்லோருக்கும் இப்போது இந்தக் கேள்வி மனப்பாடம். சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கின்றன.

"இன்னைக்கு என்னத்த விடப் போறிய?"

நேற்றும் கேட்டாள். நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் தங்கராஜ் ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"கேக்காதீங்க அம்மா. சாரு போன கூட்டத்துல விட்டதையே இன்னும் விடல்ல."